புதுப்பிப்பு: 'மனி' பேஸ் டேப், ஏழு எண்ணிக்கை

முன்பு, பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'மனி' (1973) பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பேஸ் கிட்டார் ரிஃப்புக்கு டேப் (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று எண்களால் எழுதுவது; ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) போட்டிருந்தேன். "எண்கள் சரி, பாட்டு மாதிரி கேட்கவில்லை" என்று பலர் எழுதியிருந்தீர்கள். சிக்கல் தாளத்தில்தான். எளிய டேப் எந்த ஃப்ரெட் என்று சொல்லும், எவ்வளவு நேரம் என்று சொல்லாது.

இது 7/4, அதாவது ஒரு சுற்றுக்கு ஏழு அடி. நான்கு நான்காக எண்ணிப் பழகிய கை, கடைசியில் எட்டாவது அடி ஒன்றைத் தானாகச் சேர்த்துவிடும். 'தகிட தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்லி வாசியுங்கள். மிஸ்ர சாபு (கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளம்) தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

தகிட: ஏ தந்தி 2 (அதாவது இரண்டாம் ஃப்ரெட்), அடுத்த ஒரே அடிக்குள் ஜி 4, டி 4 (கொஞ்சம் ஸ்விங்காக, முதல் சுரம் நீளம்), மறுபடி ஏ 2.
தகதிமி: ஈ 2, ஈ 5, ஏ 2, ஏ 5.

பல டேப்களில் ஈ 5-க்குப் பதில் ஏ 0 (விரல் அழுத்தாத, திறந்த ஏ தந்தி) இருக்கும். சுரம் ஒன்றுதான், ஆனால் திறந்த தந்தி இரைந்துகொண்டே நிற்கும். ஈ 5 சுண்டுவிரலுக்கு எட்டும், கையை நகர்த்த வேண்டாம். ஜி 4-க்குச் சுண்டுவிரல், டி 4-க்கு மோதிரவிரல். ஒரே விரலால் இரண்டையும் பிடித்தால் அங்கேதான் தடுமாறும்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்துத் தொடங்குங்கள். கிட்டார் சோலோ 4/4-க்கு மாறும். சாக்ஸஃபோன் பகுதி மாறாது.