பெரியம்மாவின் சரவாங்கி நமக்கும் வருமா?

குழு: சாளைத்தோட்டம் சொந்தங்கள்

பழனிச்சாமி மாமா, காங்கேயம்:
கோபி அக்காவுக்கு வந்திருப்பது சரவாங்கி என்ற மூட்டுவாத நோய்தான் என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. எச்சிலை ஒரு குழாயில் எடுத்து அனுப்பினால் எந்தெந்த நோய்க்கான மரபணு நம்மிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். அந்த விளம்பரத்தை மேலே அனுப்பியிருக்கிறேன். குடும்பமாக எடுத்தால் தள்ளுபடியும் உண்டாம். கவிதா அம்மிணி, நீ மரபணு ஆய்வகத்தில்தானே இருக்கிறாய், எல்லோரும் எடுத்துவிடலாமா?

செல்வம் அண்ணன், கோபி:
அம்மாவுக்கு விடிந்ததும் விரல்கள் மடங்குவதே இல்லை. வெந்நீரில் கையை வைத்திருந்து எடுத்த பிறகுதான் மாட்டின் காம்பைப் பிடிக்க முடிகிறது. அதற்குள் சொசைட்டியில் பால் ஊற்றும் நேரம் முடிந்துவிடுகிறது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் தேவிக்கும் இது வந்துவிடுமா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சாக இருக்கிறது.

கவிதா, கோவை:
அண்ணா, சரவாங்கி பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே வருகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்காகும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று மடங்கு என்றதும் பயப்படுகிறவர்கள், எதன் மூன்று மடங்கு என்று கேட்பதில்லை. 100 பேரில் இரண்டு மூன்று பேர் என்பதுதான் கணக்கு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு முழுவதும் ஒன்றுதான். அப்படியிருந்தும் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒருவருக்குச் சரவாங்கி இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது சுமார் 15 சதவீத இணைகளில் மட்டுமே.

கவிதா, கோவை:
ஆறாவது குரோமோசோமில் எச்எல்ஏ என்ற மரபணுத் தொகுதி இருக்கிறது. உள்ளே வந்த கிருமியின் துணுக்குகளை எதிர்ப்பு அணுக்களுக்கு எடுத்துக் காட்டும் புரதங்கள் அங்கிருந்துதான் உருவாகின்றன. அதில் டிஆர்பி1 என்ற மரபணுவின் சில வகைகளைப் பெற்றவர்களுக்கு, உடல் தன் சொந்தப் புரதத்தையே அயலாகக் கருதித் தாக்கும் வாய்ப்பு கூடுகிறது. சரவாங்கியோடு தொடர்புடையவையாக 100க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் தெரியவந்திருந்தாலும், எச்எல்ஏ பகுதியை விட்டால் மற்றவை ஒவ்வொன்றும் கூட்டுவது மிகச் சிறிதே.

புகை இதில் எப்படிச் சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் 2006ல் வெளியான ஆய்வில், இந்த டிஆர்பி1 வகையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்று, புகையும் பிடித்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஒருவகைச் சரவாங்கி வரும் வாய்ப்பு 21 மடங்காக இருந்தது. நம் குழுவில் யாரை நினைத்து இதை எழுதுகிறேன் என்று பெயர் சொல்ல மாட்டேன்.

பிரபு, திருப்பூர்:
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பழனிச்சாமி மாமா, காங்கேயம்:
பிரபு, நீ அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன். அது இருக்கட்டும் அம்மிணி, அப்படியென்றால் இந்தப் பரிசோதனை, போர் போடுவதற்கு முன்னால் தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் சொல்வது போலத்தானா?

கவிதா, கோவை:
அவ்வளவு மோசமில்லை மாமா. மரபணுவைச் சரியாகவே படிப்பார்கள். அதிலிருந்து உங்களுக்கு நோய் வருமா என்று சொல்வதில்தான் சிக்கல். இந்த ஆபத்துக் கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்த தரவுகளைக் கொண்டு போடப்பட்டவை. பிடிபிஎன்22 என்ற மரபணுவில் 2004ல் கண்டறியப்பட்ட மாறுபாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சரவாங்கி, சிறுவயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் இரண்டோடும் அதற்குத் தொடர்பு உண்டு. ஐரோப்பியரிடம் பரவலாக இருக்கும் அது ஆசியர்களிடம் மிக அரிது. அது உங்களிடம் இல்லை என்று அறிக்கை வந்தால், அதில் நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

சித்ரா அண்ணி, கோபி:
கவிதா, பாப்பாவுக்கு ஜாதகம் பொருந்தி வந்திருக்கும் இடத்தில், அப்பத்தாவுக்கு இருக்கும் நோய் பரம்பரையாக வருவதா என்று கேட்கிறார்கள். குலக் கூட்டமும் வேறு, சொந்தமும் இல்லை. நான் என்ன பதில் சொல்வது?

கவிதா, கோவை:
மறைக்காமல் உண்மையையே சொல்லுங்கள் அண்ணி. சொந்தத்தில் மணம் முடிப்பதால் கூடும் நோய்களில் பெரும்பாலானவை, ஒரே பழுதான மரபணு இரு பக்கத்திலிருந்தும் சேர்ந்தால் வருபவை. சரவாங்கி அந்த இனத்தைச் சேர்ந்ததே இல்லை. அப்பத்தாவுக்கு இருக்கிறது என்பதற்காகப் பேத்தியின் சம்பந்தத்தை ஒருவர் தட்டிக்கழித்தால், அவர்கள் தேடுவது வேறு காரணம் என்றே நான் நினைப்பேன்.

பழனிச்சாமி மாமா, காங்கேயம்:
வருமா வராதா என்று சொல்ல முடியாது என்றால், கோடிக்கணக்கில் செலவழித்து இதையெல்லாம் எதற்காகக் கண்டுபிடிக்கிறார்கள்?

கவிதா, கோவை:
மருந்துக்காக மாமா. டிஒய்கே2 என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு இருப்பவர்களுக்குச் சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளிட்ட சில நோய்கள் குறைவாகவே வருகின்றன. அந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதத்தை அடக்கும் மாத்திரை ஒன்று 2022ல் அமெரிக்காவில் சொரியாசிஸுக்கு ஒப்புதல் பெற்றது.

தேவி அக்கா, சென்னிமலை:
எல்லோரும் கைவிரலைப் பற்றிப் பேசுகிறீர்கள், என் பெரியவனுக்கு இடுப்பு. இருபத்து நாலு வயதுதான் ஆகிறது. பல மாதங்களாக விடியற்காலையில் இடுப்பு இறுகிப் பிடித்து அவனை எழுப்பிவிடுகிறது. பட்டறைக்குப் போய்த் தறிகளுக்கு நடுவே நடமாடினால் சரியாகிறது, ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் அதிகமாகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். எண்ணெய் போட்டு நீவியும் பார்த்துவிட்டோம்.

கவிதா, கோவை:
அக்கா, சுளுக்காக இருந்தால் ஓய்வில் குறைந்து வேலையில் கூட வேண்டும். இது நேர்மாறாக இருப்பதால் முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கக்கூடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எச்எல்ஏ பி27 என்ற வகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973லேயே கண்டறியப்பட்டது. அந்த வகை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை என்பதால், சும்மா இருக்கும் மாமாவுக்கு அதைப் பார்ப்பதில் பயனில்லை. இப்படி அறிகுறியோடு வருகிறவனுக்குப் பார்த்தால், மருத்துவர் முடிவெடுக்க அது உதவும். அவனுக்குக் கண் எப்போதாவது சிவந்து வலித்ததா?

தேவி அக்கா, சென்னிமலை:
போன தைப்பூசத்தின்போது ஒரு கண் மட்டும் ரத்தமாகச் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் கிடந்தான். சொட்டு மருந்தில் சரியானது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கவிதா, கோவை:
தொடர்பு இருக்கலாம் அக்கா. எலும்பு மருத்துவரிடம் போகாமல் மூட்டுவாத நோய்களுக்கென்றே இருக்கும் ருமட்டாலஜி மருத்துவரிடம் காட்டுங்கள். கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.

தேவி அக்கா, சென்னிமலை:
சீட்டு பத்திரமாக இருக்கிறது. இந்த வாரமே கூட்டி வருகிறேன்.

பழனிச்சாமி மாமா, காங்கேயம்:
பஸ்ஸில் அவனை உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டாம் தேவி, நான் கார் எடுத்து வருகிறேன். என்றைக்கு என்று மட்டும் சொல்.