ஒரே பழுப்பு வீழ்படிவு, இரண்டு அயனிச் சமன்பாடு: எது சரி?

கேள்வி:
வணக்கம். ப்ளஸ் டூ படிக்கிறேன். ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டாலும் அம்மோனியாக் கரைசல் விட்டாலும் செம்பழுப்பு வீழ்படிவுதான் (கரையாமல் படியும் திடப்பொருள்) வருகிறது. இரண்டுக்கும் நான் எழுதியது:

ஃபெர்ரிக்³⁺ + 3 ஹைட்ராக்சைடு⁻ → ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு ↓

அம்மோனியாவுக்கு மட்டும் விடைக்குறிப்பில் வேறு சமன்பாடு இருக்கிறது. ஏன்? இன்னொன்று: அலுமினியம் சல்பேட்டுடன் பேரியம் குளோரைடு சேர்த்தால், நிகர அயனிச் சமன்பாட்டில் (வினையில் சேரும் அயனிகளை மட்டும் எழுதுவது) எல்லாவற்றுக்கும் முன்னால் 3 வருகிறது. அப்படியே விடலாமா?

பதில்:
சோடியம் ஹைட்ராக்சைடுக்கு எழுதியது சரிதான் அம்மா. அது நீரில் முழுக்க அயனிகளாகப் பிரிந்துவிடும். சோடியமும் குளோரைடும் வினையில் சேராமல் வேடிக்கை பார்க்கும் அயனிகள், இரு பக்கமும் அடித்துவிடலாம்.

அம்மோனியா வலிமை குறைந்த காரம். 0.1 மோலார் கரைசலில் சுமார் 1.3 சதவீதம்தான் அயனியாகியிருக்கும், மீதியெல்லாம் மூலக்கூறாகவே இருக்கும். கரைசலில் எது பெருவாரியாக இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும்:

ஃபெர்ரிக்³⁺ + 3 அம்மோனியா + 3 நீர் → ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு ↓ + 3 அம்மோனியம்⁺

அணுக்களை எண்ணியதோடு நிற்காமல் மின்சுமையையும் கூட்டிப் பாருங்கள். இடப்பக்கம் +3, வலப்பக்கம் மூன்று அம்மோனியத்துக்கும் சேர்த்து +3. இதைப் பார்க்காமல்தான் பலர் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள்.

அலுமினியம் சல்பேட்டில் மூன்று சல்பேட் இருப்பதால் முழுச் சமன்பாட்டில் 3 தேவைப்பட்டது. அலுமினியமும் குளோரைடும் போன பிறகு அதற்கு வேலை இல்லை, வகுத்துவிடுங்கள்:

பேரியம்²⁺ + சல்பேட்²⁻ → பேரியம் சல்பேட் ↓

இன்னொருவர் பதில்:
வீழ்படிவை அயனிகளாக உடைத்து எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். நீர், அசிட்டிக் அமிலம், அம்மோனியா போல அரைகுறையாகப் பிரிபவற்றையும் உடைக்கக் கூடாது.

கேட்டவர்:
புரிந்தது சார், நன்றி. அப்புறம், காப்பர் சல்பேட்டுடன் பேரியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் எதையுமே அடிக்க முடியவில்லையே?

பதில்:
அடிக்க ஒன்றுமில்லை, சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். வெள்ளை பேரியம் சல்பேட், நீல காப்பர் ஹைட்ராக்சைடு இரண்டுமே படிந்துவிடும்:

காப்பர்²⁺ + சல்பேட்²⁻ + பேரியம்²⁺ + 2 ஹைட்ராக்சைடு⁻ → பேரியம் சல்பேட் ↓ + காப்பர் ஹைட்ராக்சைடு ↓

சம மோல் கலந்தால் கரைசலில் அயனி ஏறக்குறைய மிஞ்சாது, மின்கடத்தும் திறன் வெகுவாக இறங்கிவிடும். ஆய்வகத்தில் கேட்டுச் செய்து பாருங்கள். பேரியம் ஹைட்ராக்சைடு நஞ்சு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.