ஆறாவது பிரசவம், நெடுந்தீவில இருந்து: வழி சொல்லுங்கோ

என்ர அக்காவுக்கு இது ஆறாவது பிள்ளை. வயது 38, இப்ப 34 கிழமை, இருக்கிறது நெடுந்தீவில. ஐஞ்சும் சுகப்பிரசவம்தான். ஆனா போனமுறை பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிக்காமல் ரெண்டு பைன்ற் ஏத்தினவை. கனக்கப் பெத்த கர்ப்பப்பை இறுகச் சுணங்கும், அதாலயும் இப்பிடிப் பெருக்கு வரும் எண்டு டொக்டர் சொன்னவர்.

இப்ப எச்பி (இரத்தத்தில இருக்கிற ஹீமோகுளோபின்) 9.2தான், குறைவு. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோட போட்டுக்கொண்டிருந்தவ. மிட்வைஃப் அக்கா அதை நிப்பாட்டித் தேசிக்காய்த் தண்ணியோட போட வைச்சிருக்கிறா. பெரிய பயம் வேற: ஸ்கானில பிள்ளை குறுக்காக் கிடக்குது. பன்னீர்க்குடம் உடைஞ்சா தொப்புள்கொடி பிள்ளைக்கு முன்னுக்கு வெளியில வந்திடலாமாம், அது பிள்ளைக்கு ஆபத்து. இஞ்ச சத்திரசிகிச்சைக்கு வசதியில்லை. இரவில எண்டா குறிகட்டுவானுக்குப் படகு பிடிச்சு, பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டி எப்ப போய்ச் சேர?

டவுனில அறை தேடினம். நிறைமாதம் எண்டதும் ஒருத்தரும் தரேல்லை. மாமியார் "ஐஞ்சு பெத்தவளுக்கு என்ன பயம்" எண்டு நிக்கிறா, அவவோட கதைச்சு வேலையில்லை.

தீவுப்பக்கமிருந்து இப்பிடிப் போனவை ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ: யாழ் போதனா வைத்தியசாலையில நோ வர முன்னமே, 37 கிழமையளவில வார்ட்டில நிக்க விடுவினமோ, அதுக்கு ஆரிட்டைக் கேக்க வேணும்?