மோர்கோன் ஒயினில் கருங்கல் வாசம் வருமா?

பர்கூர் கல்பட்டறை:
26 வருஷமாகக் கல்லோடு கிடக்கிறேன். பர்கூர் பக்கம் ஒரு பட்டறையில் கிரானைட் பாளத்துக்கு மெருகு போடும் வேலை. சோற்றுத் தட்டு வரைக்கும் ஈரக்கல் வாசம் கூடவே வரும்.

மைத்துனர் பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறார். சித்திரையில் வந்தவர் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தார். மேலே மோர்கோன் என்று மட்டும் போட்டிருந்தது. “லியோனுக்கு வடக்கே போஜொலேன்னு ஒரு பகுதி, அந்தச் சரக்கு. கிரானைட்டில் விளைந்த திராட்சை மாமா, நீங்கதான் குடிச்சுப் பார்த்துச் சொல்லணும்” என்றார்.

ஞாயிறு மதியம் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். வாசற்படியில் கால் வைக்க முடியாத வெயில். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். முதலில் சாராய நெடி, அப்புறம் புளிப்பு, அவ்வளவுதான். நாவல்பழம் தின்றால் நாக்கைப் பிடித்து இழுக்குமே, அந்த இழுப்பை எதிர்பார்த்தேன். அதுவும் சொற்பம். மைத்துனர் முகத்தைப் பார்த்து ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லிவைத்தேன்.

மிச்சத்தைத் தக்கை போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் ராத்திரி எடுத்துக் குடித்தால் வேறு ஆள்! பழுத்த களாக்காய் வாசம். (செர்ரி என்று மைத்துனர் சொன்னார். நான் பார்த்த செர்ரி பேக்கரி கேக் மேல் வைப்பது. அதுவே பாதி நாள் களாக்காய்தான்.) வழுக்கிக்கொண்டு இறங்கியது.

இரண்டில் எது நிஜம்? முக்கியமாக, கல் வாசம் எங்கே? எனக்குத் தெரியாத கல் வாசமா?

லியோன் வாசி:
அண்ணே, ரெண்டாம் நாள் குடித்ததுதான் அந்த ஒயின். 14, 15 டிகிரியில் குடிக்க வேண்டியது. சித்திரை வெயிலில் எந்த ஒயினும் சாராயமாகத்தான் தெரியும், பாவம்.

நாக்கு இழுக்காததற்குக் காரணம் திராட்சை. அதன் பெயர் கமே. தோல் கறுப்பு, சதை வெள்ளை, துவர்ப்பு குறைவு. குலையை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் கொட்டுவார்கள். அடியில் உள்ள பழம் தன் பாரத்திலேயே நசுங்கிப் புளிக்கும். அதில் கிளம்பும் கரியமிலவாயு தொட்டியை நிரப்ப, மேலே உள்ள பழங்கள் உடையாமலே உள்ளுக்குள் நொதிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் அந்தப் பழ வாசம். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வரும் புது போஜொலேயில் வாழைப்பழ மிட்டாய் வாசமே அடிக்கும். எனக்குப் பிடிக்காது. மோர்கோன் அப்படியில்லை, நாலைந்து வருஷம் தாங்கும்.

வடக்குப் போஜொலேயில் மோர்கோன், ஃப்ளூரி, மூலான் ஆ வான் என்று பத்து இடத்துச் சரக்குக்குத் தனி மரியாதை. அதனால்தான் லேபிளில் இடத்தின் பெயர் மட்டும். இந்தக் கமேயைத்தான் 1395-ல் பர்கண்டி பிரபு பிலிப், துரோகச் செடி என்று சொல்லித் தன் நாட்டிலிருந்து பிடுங்கச் சொன்னார். காய்ப்பு அதிகம், தரம் இல்லை என்று கோபம். தெற்கே இந்தக் கல்மேட்டில்தான் அதற்கு வாழ்வு வந்தது. லியோனுக்கு மூன்று ஆறு உண்டு, ரோன், சோன், போஜொலே என்று இங்கே கிண்டல் சொல்வார்கள்.

சந்தூர் மாந்தோப்பு:
எனக்கு ஒயின் தெரியாதுண்ணா. ஆனால் கல்மேட்டில் இருக்கிற எங்க செந்தூரா மானாவாரி; காய் சிறுசு, இனிப்பு கெட்டி. கிணற்றடியில் நிற்கிற மரத்தில் காய் உப்பிக்கொண்டு வரும், வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும். அதுக்காகச் செந்தூராவில் கல் வாசம் அடிக்குதுன்னு யாரும் சொன்னதில்லை.

தர்மபுரி வாத்தியார் (ஓய்வு):
தோப்புக்காரர் பாதி விடையைச் சொல்லிவிட்டார். கிரானைட் மட்கினால் அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற தாது களிமண்ணாகும், குவார்ட்ஸ் என்ற தாது மணலாக நிற்கும். அந்தச் சரளையில் தண்ணீர் தங்காது, சத்தும் குறைவு. கொடி மதர்க்காது, பழம் அளவோடு வரும். கல்லின் வேலை அதோடு சரி. வேர் உறிஞ்சுவது தண்ணீரில் கரைந்த துளி உப்புகளை. அது நாக்குக்கு எட்டாது. காய்ந்த கல்லை முகர்ந்து பாருங்கள் தம்பி, வாசமே இருக்காது. நனைந்த கல்லில் வருவது பெரும்பாலும் அதன்மேல் படிந்த பாசி, தூசு இவற்றின் வாசம்.

ஒரு திருத்தம். மோர்கோனிலும் கிரானைட் உண்டு. ஆனால் அங்கே பேர்போன கோட் து பி குன்று கிரானைட் இல்லை. நீலம் ஓடிய பழைய எரிமலைப் பாறை, கையாலேயே உதிர்க்கலாம். ஊர்க்காரர்கள் அதை ‘அழுகிய பாறை’ என்பார்கள். அசல் கிரானைட் வேண்டுமென்றால் ஃப்ளூரி. அது இளஞ்சிவப்புக் கிரானைட்.

பர்கூர் கல்பட்டறை:
ஐயா சொன்னதும் பட்டறையில் காய்ந்த பாளம் ஒன்றை முகர்ந்து பார்த்தேன். பையன்கள் சிரித்தார்கள். வாசம் இல்லை. இத்தனை வருஷம் நான் கல் என்று நினைத்தது மெஷின் தண்ணீரும் சேறும்!

அழுகிய பாறையாக இருந்தால் எங்கள் முதலாளி லாரியிலிருந்தே இறக்க மாட்டார்.

மைத்துனர் மார்கழியில் மறுபடி வருகிறார். ஃப்ளூரி கேட்டிருக்கிறேன். மார்கழிக் குளிரில் பாட்டிலைத் திண்ணையில் வைத்தாலே போதுமா, ஃப்ரிட்ஜ் வேண்டுமா?

லியோன் வாசி:
ராத்திரிக் குளிரென்றால் திண்ணையே போதும் அண்ணே, பகலில் என்றால் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். டம்ளரை மட்டும் மாற்றுங்கள்.