ஏற்பளவு, ஈடளவு: ‘டோஸ்’ என்ற ஒரு சொல்லில் மூன்று அளவுகள்

அனைவருக்கும் வணக்கம். கதிர்வீச்சு ‘டோஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நேற்று வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன், சற்று நீளும்.

> டோஸுக்கு ஏற்பளவு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே. முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தால் போதாதா?

போதாது ஐயா. ஏற்பளவு நல்ல சொல், அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் ரேடியோகிராபி முதலாண்டு மாணவருக்கு டோஸ் என்ற பெயரில் மூன்று வேறு அளவுகள் வருகின்றன. ஒன்று நேரடி இயற்பியல். மற்ற இரண்டும் அதன்மேல் எண்களைப் பெருக்கிப் பெறுபவை. மூன்றையும் ஏற்பளவு என்றே சொல்லி, முன்னால் உட்கவர் (அப்சார்ப்ட்), சமான (ஈக்விவலண்ட்), பயனுறு (எஃபெக்டிவ்) என்று ஒட்டவைத்தால், தேர்வு முடிந்ததும் அடைமொழி உதிர்ந்துவிடும். ஏற்பளவு மட்டும் மனதில் நிற்கும். ஆங்கிலத்தில் படிப்பவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தமிழில் புதிதாகப் பெயர் வைக்கும்போது அந்தத் தடுமாற்றத்தையும் ஏன் சேர்த்து எடுத்துவர வேண்டும்?

முதல் அளவு இது: ஒரு கிலோ பொருள் எத்தனை ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டது? கிலோவுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு கிரே. பழைய கணக்கில் 100 ராட். இந்த அலகு 1975இல் ஏற்கப்பட்டது. இதில் உடம்பு, நோய், ஆபத்து எதுவும் கிடையாது. நுரையீரலுக்கும் உண்டு, வாளித் தண்ணீருக்கும் உண்டு, அலுமினியத் தகட்டுக்கும் உண்டு. பொருள் ஏற்றுக்கொண்ட ஆற்றல் என்பதால் ‘ஏற்பளவு’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதற்கு மட்டுமே அதை ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

இந்த இடத்தில் மாணவர்களை ஒரு கணக்குப் போடச் சொல்வது வழக்கம். குறுகிய நேரத்தில் உடல் முழுக்க 4 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், ஏறத்தாழ பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். 70 கிலோ ஆளுக்கு அது எத்தனை ஜூல்? வெறும் 280. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கவே சுமார் 4200 ஜூல் வேண்டும். ஆக, உயிரைப் பறிக்கும் அந்த அளவு உடம்பைச் சூடாக்குவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மடக்கு சூடான டீ அதைவிட அதிக வெப்பத்தை உள்ளே கொண்டுபோகும். விடையைப் பார்த்துவிட்டு, எங்கோ தப்பு என்று பலரும் திரும்பப் போடுவார்கள். தப்பு இல்லை. டீயின் வெப்பம் எல்லா மூலக்கூறுகளுக்கும் பரவலாகப் போய்ச் சேர்கிறது. கதிரின் ஆற்றலோ ஆங்காங்கே கொத்தாக இறங்கி, எலெக்ட்ரானைப் பிடுங்கி, டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. ஜூலை மட்டும் எண்ணினால் தீங்கு பிடிபடாது என்பதால்தான் மற்ற இரண்டு அளவுகளும் வந்தன.

நுரையீரலுக்கு 1 மில்லிகிரே ஏற்பளவு என்று வைத்துக்கொள்வோம். எந்த வகைக் கதிர் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கேற்ப அதை ஓர் எண்ணால் பெருக்குகிறோம். எக்ஸ் கதிரால் வந்தது என்றால் 1ஆல் பெருக்க வேண்டும். ரேடான் வாயு வழியாக வந்த ஆல்பா துகள் என்றால் 20ஆல். விடை 1 அல்லது 20 மில்லிசீவர்ட். இது இரண்டாவது அளவு. அப்புறம், நுரையீரல் உடம்பின் ஒரு பகுதிதானே? மொத்த ஆபத்தில் அதன் பங்கு 0.12 என்று 2007இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்திருக்கிறது. தைராய்டுக்கு 0.04, தோலுக்கு 0.01. எல்லா உறுப்புகளையும் கூட்டினால் 1 வரும். நுரையீரல் கணக்கை 0.12ஆல் பெருக்கினால் 0.12 அல்லது 2.4 மில்லிசீவர்ட். இதுபோல் ஒவ்வோர் உறுப்புக்கும் கண்டு கூட்டினால் மூன்றாவது அளவு.

கவனியுங்கள், இரண்டுக்கும் அலகு சீவர்ட்தான். அலகைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. நம் நாட்டில் கதிர்ப்பணியாளருக்கு முழு உடல் கணக்கில் வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், ஐந்தாண்டுச் சராசரியாக. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. கைகளுக்கு மட்டும் என்றால் 500. பெயரில் வேறுபாடு தெரியாவிட்டால் இந்த இரண்டு எண்களும் முரணாகத் தெரியும். அல்லது, அதைவிட மோசமாக, 500 வரை கவலை இல்லை என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே பெயரே ‘எதற்கு’ என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் முன்மொழிவு: இரண்டாவதற்கு ‘உறுப்பு ஈடளவு’, மூன்றாவதற்கு ‘உடல் ஈடளவு’. ஏற்பளவு கிரேயில், ஈடளவு சீவர்ட்டில். மாணவர் முதல் நாளே பிடித்துக்கொள்வார்.

> எஃபெக்டிவ் டோஸுக்குப் ‘பயனுறு ஏற்பளவு’ என்று எழுதி வருகிறோம். பழகிய சொல்லை மாற்றுவானேன்?

அம்மா, மாறுதிசை மின்னோட்டத்தில் பயனுறு மதிப்பு என்று படித்த பழக்கம் இது. அங்கே பொருந்தும், அந்த மின்னோட்டம் நமக்கு வேலை செய்கிறது. இங்கே நாம் அளப்பது புற்றுநோய் வாய்ப்பை. வயிற்று சி.டி. எடுத்துக்கொண்டவரிடம் “உங்களுக்குப் பயனுறு ஏற்பளவு 8 மில்லிசீவர்ட்” என்றால், ஏதோ நல்லது 8 பங்கு கிடைத்தது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். இந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறேன்.

> ஈடளவைவிட நிகரளவு தெளிவு.

நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். ஆனால் நிகர லாபம், நிகர எடை என்று தினமும் காதில் விழுகிறது. நிகரளவு என்றதும் எதையோ கழித்த மிச்சம் என்று தோன்றும். நாம் எதையும் கழிக்கவில்லை. ஈடு அந்த வம்பில் மாட்டாது: இவ்வளவு ஆல்பா, இவ்வளவு எக்ஸ் கதிருக்கு ஈடு என்று இயல்பாகச் சொல்லலாம்.

எக்ஸ்போஷருக்கு ‘வெளிப்பாடு’ என்று வந்ததையும் ஏற்க முடியவில்லை. ‘கதிர்வீச்சு வெளிப்பாடு’ என்றால் கதிர் எங்கிருந்தோ கசிகிறது என்றே பொருள்படும். வெயில் படுகிறது என்கிறோம், அதே படுதல் போதும்: கதிர்படல்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. தமக்குப் பட்ட கதிரை அளக்கக் கதிர்ப்பணியாளர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் டி.எல்.டி. பேட்ஜில், டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வட்டுகள் மூன்று இருக்கின்றன. அவற்றைச் சூடாக்கி, வரும் ஒளியை அளந்து அறிக்கை தருகிறார்கள். அந்த மில்லிசீவர்ட் உறுப்புக்கும் உரியதல்ல, முழு உடலுக்கும் உரியதல்ல. பேட்ஜ் இருக்கும் இடத்தில், தோலுக்குக் கீழே 10 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள கணக்கு அது. நடைமுறையில் அதையே உடல் ஈடளவாக எடுத்துக்கொள்கிறோம். ‘ஆள் ஈடளவு’ என்று வைக்கலாமா, அல்லது ஆழம் என்ற சொல் அதில் வந்தே ஆக வேண்டுமா? மருத்துவ இயற்பியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.