இரண்டு பெடல், நான்கு சத்தம்

குழு: வீட்டு வாத்தியம்

சனி

இரவு 8:12
நான்: மாமா, ஒரு சந்தேகம். இன்றைய ஒத்திகையில் ரொம்பச் சங்கடமாகிவிட்டது. பேஸ் கிட்டாரில், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை மட்டும் போட்டால் சத்தம் சரியாக இருக்கிறது. ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரலைச் சேர்க்கும் ஆக்டேவ் பெடலை மட்டும் போட்டாலும் சரி. இரண்டையும் சேர்த்து மிதித்தால் குபீரென்று எகிறுகிறது. பாடுபவர் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இரவு 8:14
அக்கா: மிக்சரில் நான்தானே இருந்தேன். பேஸ் சேனலில் சத்தம் அளவு மீறிச் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினேன். உடனே அவன் பெடலை அணைத்தான், பேஸ் இருக்கிற இடமே தெரியவில்லை. திரும்ப ஏற்றினேன். பாட்டு முழுக்க இதே வேலை.

இரவு 8:15
மாமா: வரிசை என்ன? பேஸிலிருந்து முதலில் எது?

இரவு 8:15
நான்: ட்யூனர், ஓவர்டிரைவ், ஆக்டேவ், அப்புறம் ஆம்ப்.

இரவு 8:21
மாமா: அங்கேதான் இருக்கிறது. ஓவர்டிரைவ் ஒலியலையின் முகடுகளை வெட்டிவிடும், மெல்லிய பகுதியைத் தூக்கிவிடும். நரம்பைத் தட்டியதும் பெரிதாக எழுந்து மெல்லத் தேய வேண்டிய ஒலி, தேயாமல் அப்படியே நிற்கும். ஆக்டேவ் அதை வாங்கிக்கொண்டு, அடியில் இன்னொரு குரலையும் அதே பலத்தோடு நிறுத்தி வைக்கிறது. ஆக்டேவை மட்டும் போடும்போது இரண்டு குரலும் சேர்ந்தே தேய்ந்துவிடும், அதனால் உனக்கு உறைக்கவில்லை.

இரவு 8:22
மாமா: தனித்தனியாகச் சமன் செய்த பெடல்கள் சேரும்போதும் சமனாக இருக்கும் என்று நம்பாதே. இரண்டு பெடல் என்றால் நான்கு நிலை: எதுவும் இல்லாதது, இது மட்டும், அது மட்டும், இரண்டும். மூன்று பெடல் என்றால் எட்டு. எல்லாவற்றையும் சரி செய்ய உட்காராதே. பாட்டில் எந்தெந்த நிலை வருகிறதோ அதை மட்டும் பார்.

இரவு 8:24
நான்: வீட்டில் போனில் பதிவு செய்து கேட்டேன் மாமா. எகிறலே தெரியவில்லை.

இரவு 8:26
அக்கா: போனை நம்பாதே. நிறையப் போன்கள் சத்தம் ஏறினால் தாமாகவே அடக்கிவிடும். அதன் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஒலியும் வராது. கணினியில் பதிவு செய்ய உதவும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேராகச் செருகு. ஒரே நான்கு ஸ்வரத்தை ஒரே அழுத்தத்தில் நான்கு நிலையிலும் வாசி. மீட்டரில் உச்ச அளவைப் பார்க்காதே, சராசரி அளவைப் பார்.

இரவு 8:51
நான்: பார்த்துவிட்டேன். எதுவும் இல்லாததோடு ஒப்பிட்டால் ஓவர்டிரைவ் 1 டெசிபெல் கூடுதல், ஆக்டேவ் 2. இரண்டும் சேர்ந்தால் 7.

இரவு 8:53
மாமா: 7 டெசிபெல் என்றால் ஆம்பிடம் ஐந்து மடங்கு சக்தி கேட்கிறாய். சிவப்பு விளக்கு எரியாமல் என்ன செய்யும்?

இரவு 8:55
மாமா: இப்போது ஆக்டேவை முன்னால் கொண்டுபோ. பேஸ், ட்யூனர், ஆக்டேவ், ஓவர்டிரைவ். ஓவர்டிரைவுக்கு ஒரு கூரை இருக்கிறது. ஏற்கெனவே அந்தக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தால், எவ்வளவு கூடுதலாக உள்ளே தள்ளினாலும் சத்தம் அதிகம் ஏறாது, கரகரப்புத்தான் ஏறும். ஆக்டேவுக்கும் நல்லது. சுத்தமான சிக்னல் கிடைத்தால் ஸ்வரத்தைத் தடுமாறாமல் பிடிக்கும்.

இரவு 9:10
நான்: மாற்றிவிட்டேன். இப்போது சேர்த்தால் 2 டெசிபெல்தான் கூடுதல்! ஆனால் சேறு கலக்கியது போல இருக்கிறது, ஸ்வரம் பிரியவில்லை.

இரவு 9:13
மாமா: டிரைவ் குமிழைக் குறை. ஆக்டேவில் அடிக்குரலையும் கொஞ்சம் இறக்கு. அப்புறம் ஒன்று, அடி நரம்பான ஈ (E) நரம்பை எங்கும் அழுத்தாமல் வாசித்தால் 41 ஹெர்ட்ஸ். அதற்கும் ஓர் ஆக்டேவ் கீழே என்றால் 20 ஹெர்ட்ஸ் பக்கம். காதுக்கு அநேகமாக ஒன்றும் கேட்காது, ஆனால் ஆம்ப் மூச்சுத் திணறும். அந்த வரியை அதே நரம்பின் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (மெட்டில்), ஓர் ஆக்டேவ் மேலே வாசி. 82-க்குக் கீழே 41 வரும், உன் ஸ்பீக்கருக்குப் பழகின ஸ்வரம்.

இரவு 9:15
நான்: கடைசியில், சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் அமுக்கும் ஒரு லிமிட்டர் வைத்துவிட்டால் இந்த வேலையே வேண்டாமே?

இரவு 9:19
மாமா: காவலுக்கு வைக்கலாம். தினமும் 7 டெசிபெல்லை அமுக்குவதற்கென்று வைக்காதே. விரல் நரம்பில் படும் அந்த முதல் ‘டக்’ இருக்கிறதே, அதைத்தான் அது முதலில் விழுங்கும். டிரம்ஸோடு உன்னைக் கட்டிப்போடுவது அந்த ‘டக்’. எனக்கு அது போனால் மனசு கேட்காது. ஒலியின் சில பகுதிகளை மட்டும் தூக்கிக் காட்டும் ஃபில்டர் பெடலுக்கு வேண்டுமானால் லிமிட்டர் சரி. எந்த ஸ்வரத்தில் துள்ளும் என்று சொல்ல முடியாது.

இரவு 9:22
சித்தி: நேற்று இவன் வாசிக்கும்போது அலமாரிக் கண்ணாடி நடுங்கியதே, அதுவும் பெடலாலா?

இரவு 9:24
மாமா: ஒரே ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் நடுங்கினால் அது அநேகமாக அறை. அறைக்கு அறை சில கீழ் ஸ்வரங்கள் பெருத்துவிடும். ஆம்பை மூலையிலிருந்து நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகக் குமிழைத் திருக வேண்டாம்.

இரவு 9:27
அக்கா: இன்னொன்று. மீட்டர் பாதி வழிதான் கொண்டுபோகும். மெதுவான சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் ஒலி பலவீனமாகப் படும், சத்தம் ஏற ஏற அது வேகமாகப் பெருகும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வளைகோடாக வரைந்தார்கள். நீ வீட்டில் மெதுவாக வைத்துக்கொண்டு, போதவில்லையென்று ஆக்டேவை ஏற்றியிருப்பாய். ஒத்திகைச் சத்தத்தில் அதுவே வீங்கிவிட்டது.

இரவு 9:29
நான்: ஆமாம் அக்கா, இரவில் மெதுவாக வைத்துத்தான் செட் செய்தேன்.

ஞாயிறு

மாலை 6:40
நான்: டிரம்ஸ் ஓடும்போது திரும்பச் சரி செய்தேன். நடு ஒலியைக் கொஞ்சம் ஏற்றியதும் சத்தத்தை ஏற்றாமலேயே பேஸ் தெளிவாகக் கேட்டது. கடிகார முள் மாதிரி சொன்னால், டிரைவ் குமிழ் ஒன்பது மணி, லெவல் குமிழ் பதினொரு மணி. குமிழ் பக்கத்தில் டேப் ஒட்டிப் படமும் எடுத்துவிட்டேன்.

மாலை 6:42
அக்கா: அந்தப் பாட்டில் நான் இன்று ஃபேடரைத் தொடவில்லை.

மாலை 6:45
மாமா: நல்லது. ஃபில்டர் வரும் பாட்டு இன்னும் இருக்கிறது. நாளை பெடல் போர்டோடு வா, உட்கார்ந்து பார்ப்போம்.