அல்லோபேரன்ட்: செவிலியா, துணைப்பெற்றோரா?

அனைவருக்கும் வணக்கம். மானிடவியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், திங்கட்கிழமை ஐந்தாம் இயலை அனுப்பியாக வேண்டும். 'அல்லோபேரன்ட்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 1975-இல் உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் தந்த சொல். பெற்றவராக இல்லாமல் குழந்தையையோ குட்டியையோ பேணுகிற எவரும் இதில் அடக்கம்: பாட்டி, அக்கா, அனுமன் குரங்குக் கூட்டத்தில் இன்னொருத்தியின் குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் பெண்குரங்கு. 'மாற்றுப்பெற்றோர்' என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். "தத்தெடுத்தவங்களா சார்?" என்றாள் ஒரு மாணவி. அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். வேறு தமிழ்ச்சொல் உண்டா?

> மாற்றுப்பெற்றோர்

செவிலி இருக்க ஏன் அலைகிறீர்கள்? 'தாயெனப் படுவோள் செவிலி ஆகும்' என்கிறது தொல்காப்பியம்.

ஐயா, இன்று செவிலி என்றால் ஊசி போடுபவர். பெண்பாலும்கூட. தாய்மாமனை எங்கே வைப்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கள் ஆசுபத்திரியில் இருப்பவர் தாதி. செவிலி இங்கே இலக்கியத்தில்தான் வாழ்கிறாள். தாதியும் வளர்ப்புத்தாயைக் குறித்த வடசொல்லே. இரு கரையிலும் பிள்ளை வளர்த்தவளின் பெயர்தான் மருத்துவமனைக்குப் போயிருக்கிறது!

'அல்பெற்றோர்' என்போம். அல் + திணை அஃறிணை ஆனதுபோல. கிரேக்க 'அல்லோஸ்' நம் 'அல்'தான் என்பது என் நெடுநாள் கருத்து.

> கிரேக்க 'அல்லோஸ்' நம் 'அல்'தான்

அல்லோஸ் 'பிற' என்னும் பொருளது, இலத்தீன் 'அலியுஸ்' அதன் உறவு. நம் 'அல்' மறுப்பு. ஒலி ஒத்தால் வேர் ஒத்துவிடாது. அப்புறம், லகரத்தின் முன் வல்லினம் வந்தால் அல்வழிப் புணர்ச்சியில் லகரம் அப்படியே நிற்கும், றகரமாகவும் மாறும் என்கிறது நன்னூல். 'அற்பெற்றோர்' என்றும் எழுதுவார்கள், காதில் 'அற்பர்' என்றே விழும். பேரனைத் தோளில் சுமக்கிற பாட்டிக்கு அந்தப் பெயரா?

பிள்ளை வளர்ப்போராக நம் மரபு சொல்லும் ஐவகைத் தாயருள் 'கைத்தாய்' உண்டே, யாரும் நினைக்கவில்லையா? கொங்கோவின் இத்தூரிக் காட்டில் எஃபே மக்களிடம் பிறந்த குழந்தை கைக்குக் கை மாறுகிறது, பெற்றவள் அல்லாத பெண்களும் பால் கொடுக்கிறார்கள். சிம்பன்சித் தாயோ மாதக்கணக்கில் குட்டியைப் பிறர் கையில் விடாது. மனிதரை வேறாக்கியது அந்தக் கைமாற்றம்தான் என்பது மானிடவியலாளர் சாரா பிளாஃபர் ஹர்டியின் வாதம். 'கை' இருக்கும் சொல்லை விடாதீர்கள்.

அழகான சொல், அம்மா. ஆனால் அதுவும் பெண்பால். 'துணைப்பெற்றோர்' போதாதா? மாணவருக்கு உடனே விளங்கும்.

துணைவேந்தர் மாதிரி இரண்டாம் இடமாகிவிடுமே.

வாழ்க்கைத்துணை இரண்டாம் இடமா?

சரி, நண்பர்களே. துணைப்பெற்றோருக்கு ஐவர், கைத்தாய்க்கு இருவர், செவிலிக்கு ஒருவர். துணைப்பெற்றோர் என்றே அனுப்புகிறேன். நன்றி.

தம்பி, ஒரு நிமிடம். அடுத்த இயலில் ஹர்டியின் 'அல்லோமதர்' வரும். தாயைத் தவிர எல்லோரும் அதில் அடங்குவர், தந்தையும்தான். அவர் பெற்றோரில் ஒருவர், துணைப்பெற்றோர் என்று எப்படி எழுதுவீர்கள்? கைத்தாயை இன்னொரு முறை யோசியுங்கள். பெண்பால்தான், ஆனால் 'தாயுமானவர்' என்று ஆண் தெய்வத்தையே அழைத்த மொழி இது.